லூட் இசைக்கு எந்தப் பதிப்பை எடுப்பது?

கிடார் கற்கும் மாணவர் ஒருவர், பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியமான லூட்டுக்கு ஜான் டௌலண்ட் எழுதிய இசைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, "விரல் எட்டவே மாட்டேங்குது சார்" என்றார். குறை அவர் கையில் இல்லை. வழக்கமான கிடார் சுருதிக்கு யாரோ மாற்றி எழுதிய பிரதி அது. மூன்றாவது தந்தியை ‘ஜி’யிலிருந்து ‘எஃப் ஷார்ப்’புக்கு இறக்கச் சொல்லி, லூட் டாப்லேச்சரையே (ஒவ்வொரு கோடும் ஒரு தந்தி, எங்கே விரல் வைப்பது என்று காட்டும் குறிப்பு) முன்னால் வைத்தேன். தந்திகளுக்கு இடையிலான இடைவெளி இப்போது லூட்டில் இருப்பதேதான். இடக்கை தானாகப் பொருந்தி உட்கார்ந்தது. மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டையில்) எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போவைப் போட்டால் சுருதியும் ‘ஜி’ லூட்டுக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்து லூட் கலைஞர்கள் எழுதி வைத்தது ஸ்வரத்தை அல்ல, விரல் வைக்கும் இடத்தை. ஸ்டாஃப் (ஐந்து கோட்டு ஸ்வரக் குறிப்பு) மட்டும் உள்ள பதிப்பில் அந்தத் தகவல் போய்விடுகிறது. அதனால் டாப்லேச்சர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டௌலண்டுக்கு டயானா பூல்டனும் பேசில் லாமும் 1974-இல் கொண்டுவந்த தொகுப்பில் இரண்டுமே உண்டு.

சரி, எந்த டாப்லேச்சர்? பிரெஞ்சு முறையில் எழுத்துகள்: ‘ஏ’ திறந்த தந்தி, ‘பி’ முதல் ஃப்ரெட். ‘ஐ’க்கு அப்புறம் ‘ஜே’ கிடையாது, நேரே ‘கே’. ‘சி’ பல இடங்களில் ‘ஆர்’ போலத் தெரியும். இத்தாலிய முறையில் எண்கள். கீழ்க்கோடுதான் உச்சத் தந்தி, அதாவது சுருதியில் மிக உயர்ந்தது. 1507-இல் வெனிஸில் பெத்ருச்சி அச்சிட்ட ஸ்பினாச்சினோ நூல்கள் அப்படித்தான். ஆனால் 1536-இல் வந்த லூயிஸ் மிலானின் விவேலா (கிடார் போன்ற பழைய ஸ்பானிய வாத்தியம்) நூலில் எண்கள் இருந்தும் மேல்கோடே உச்சத் தந்தி. இதைக் கவனிக்காமல் தலைகீழாக வாசித்துவிட்டு, பழைய இசையே இப்படித்தான் போல என்று விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

தந்தி எண்ணிக்கையும் முக்கியம். லூட் இசையமைப்பாளர் பிரான்செஸ்கோ தா மிலானோவுக்கு ஆறு வரிசை (ஒன்றாக மீட்டும் தந்தி ஜோடியை ஒரு வரிசை என்பார்கள்) போதும், கிடாரில் அப்படியே அடங்கும். டௌலண்ட் அடிக்கடி ஏழாவதையும் அதற்குக் கீழேயும் கேட்பார்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கணினிப் பிரதிகள் படிக்கச் சுலபம். ஆனாலும் காது உறுத்தும் இடத்தில் மூலத்தின் படத்தை ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் ஓர் எழுத்து பக்கத்துக் கோட்டுக்கு நழுவியிருக்கும். மேத்யூ ஹோம்ஸ் தொகுத்த, கேம்பிரிட்ஜில் உள்ள பழைய லூட் கையெழுத்துப் பிரதிகளையே இன்று வீட்டிலிருந்து பார்க்கலாம். எழுத்துக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் அது ஆள்காட்டி விரலுக்கு. ஒற்றை ஸ்வர ஓட்டத்தில் புள்ளி இல்லாதது கட்டைவிரலுக்கு. உங்கள் பிரதியில் புள்ளிகள் விடுபட்டிருந்தால், மூலத்தைப் பார்த்துப் பென்சிலால் போட்டுக்கொண்டு அப்புறம் வாசிக்க ஆரம்பியுங்கள்.