அழிப்பதற்கு முன் ஃபைண்ட் என்ன காட்டுகிறது என்று பாருங்கள்

புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்கும் வெள்ளவத்தைப் பக்கம் இருக்கிற கணக்காளர் அலுவலகங்களுக்கும் லினக்ஸ் சேவர் பார்த்துக்கொடுப்பதுதான் என் தொழில். மாத முடிவில் அடிக்கடி வருகிற கோல் இதுதான்: "அண்ணை, டிஸ்க் நிரம்பிப் போச்சு, பழைய பேக்கப்பை எல்லாம் அழிச்சுவிடட்டா?" தாராளமாக அழிக்கலாம். ஆனால் எதை வைத்து அழிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், பைல்களைத் தேடித் தருகிற லினக்ஸ் கட்டளையான ஃபைண்டில், இணையத்தில் எங்கோ கண்ட ஒரு வரியைச் சொல்வார்கள், அதில் அழிக்கச் சொல்கிற -டெலீட் எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனித்திருக்கவே மாட்டார்கள்.

அங்கேதான் ஆபத்து. ஃபைண்ட் ஒவ்வொரு பைலையும் எடுத்து, நீங்கள் கொடுத்த நிபந்தனைகளை இடமிருந்து வலமாகச் சோதித்துக்கொண்டு போகும், ஒன்று பொருந்தாவிட்டால் அந்தப் பைலை அத்தோடு விட்டுவிடும். -டெலீட்டும் அந்த வரிசையில் ஒன்றுதான். -நேம் (பெயர்), -எம்டைம் (கடைசியாக மாற்றிய தேதி) எல்லாம் தாண்டிக் கடைசியில் நின்றால் வடிகட்டி வந்தவை மட்டும் போகும். முன்னால் நின்றால், பெயரையோ தேதியையோ பார்ப்பதற்கு முன்பே அந்த போல்டருக்குள் இருப்பது எல்லாம் காலி. நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது, குப்பைத்தொட்டியிலும் போய்ப் பொறுக்க முடியாது.

ஆகவே முதல் தடவை -டெலீட் வரவேண்டிய இடத்தில், பட்டியலை மட்டும் காட்டுகிற -பிரிண்ட் போட்டு ஓட்டுங்கள். கூடவே முன்னால் -டெப்த் (போல்டருக்கு முதல் அதன் உள்ளே இருப்பதைப் பார்க்கச் சொல்வது) சேருங்கள், ஏனென்றால் -டெலீட் அதைத் தானாகவே போட்டுக்கொள்ளும், -டெப்த் இருக்கும்போது -புரூன் போட்டு ஒதுக்கிய போல்டர் ஒதுங்காது. பட்டியல் சரி என்றால், மேல் அம்புக்குறியைத் தட்டி அதே வரியை எடுத்து அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். புதிதாக டைப் பண்ணாதீர்கள்.

நாள் கணக்கும் இடறும். -எம்டைம் +30 என்றால் 30 நாள் கடந்தவை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் ஃபைண்ட் வயதை 24 மணித்தியாலத் துண்டுகளாக எண்ணி மிச்சத்தைத் தள்ளிவிடுவதால் முழுதாக 31 நாள் ஆனவைதான் அகப்படும். அப்புறம், நேற்று சாதாரணமாகக் கொப்பி பண்ணிய 2019ஆம் ஆண்டு இன்வொய்ஸுக்கு நேற்றைய தேதிதான் விழும், அதனால் அது ஃபைண்டின் கண்ணுக்குப் புதுசு.

'*.லாக்' மாதிரி எதையும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். போடாவிட்டால், நீங்கள் நிற்கிற போல்டரில் பொருந்துகிற பெயர் ஒன்று இருந்தால், நீங்கள் டைப் பண்ணுகிற வரியை முதலில் வாசிக்கிற ஷெல் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அந்தப் பெயரையே ஃபைண்டிடம் கொடுத்துவிடும், அது அந்த ஒன்றை மட்டும் எல்லா இடமும் தேடிவிட்டு வரும். பொருந்துகிறது எதுவும் இல்லாவிட்டால் சரியாக வேலை செய்யும், அதனால்தான் பல பேருக்கு இது வருடக்கணக்காகத் தெரியாமலே இருக்கிறது.

நம்மாட்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பைலுக்குத் தமிழில் 'கொழும்பு விற்பனை' என்று பெயர் வைத்திருப்பார்கள். அந்த 'கொ'வில் வருகிற உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஃபைண்டுக்கு வேறு வேறு. பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்த பெயர்கள் பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்துதான் இருக்கும். பைல் கண் முன்னாலேயே கிடக்கும், தேடினால் இல்லை என்று சொல்லும். 'க*ழும்பு*' என்று தேடுங்கள், இரண்டும் விழும். பெயரில் இடைவெளி இருப்பதால் பட்டியலை எக்ஸ்ஆர்க்ஸுக்கு (பட்டியலில் உள்ளவற்றை இன்னொரு கட்டளையிடம் கொடுப்பது) அனுப்புகிறவர்கள் -பிரிண்ட்0 போட்டு, அந்தப் பக்கம் -0வும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கொழும்பு' ஒரு பைலாகவும் 'விற்பனை' இன்னொரு பைலாகவும் உடைந்து போகும்.

எல்லாம் ஒழுங்காக அழித்த பிறகும், டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று சொல்கிற டிஎஃப் அதே அளவைக் காட்டினால் பதறி இன்னும் நாலு போல்டரை அழிக்கப் போகாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு சேவை அந்த லாக் பைலை இன்னும் திறந்து வைத்திருக்கும், அதை மூடும்வரை இடம் விடுபடாது. திறந்திருக்கிற பைல்களைக் காட்டுகிற எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் +எல்1 (பெரிய எழுத்து எல்) என்று கேட்டால் எது என்று தெரியும், அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணுங்கள்.