உங்கள் பேஸ்மென்ட்டில் இருப்பது சுரங்கம்தானா?

ஒஹாயோவில் பழைய வீடு வாங்கிய நம்ம ஊர்த் தம்பி ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். "அக்கா, பேஸ்மென்ட் சுவருக்குப் பின்னால பெரிய குழி இருக்கு. அடிமைகள் தப்பிச்சு வந்து ஒளிஞ்ச சுரங்கம்னு வித்தவர் சொன்னார். வாசல்ல ஒரு போர்டு வைக்கலாமா?"

பழைய கட்டடங்களைக் கெடுக்காமல் பழுதுபார்ப்பது என் தொழில், இந்த மாதிரி அழைப்பு வருடத்துக்கு நாலைந்தாவது வரும். போய்ப் பார்த்தேன். செங்கல் கட்டி உள்ளே சிமென்ட் பூசிய வட்டக் குழி, கூரைத் தண்ணீர் வந்து விழ மேலே ஒரு துளை. மழைத்தண்ணீர்த் தொட்டி! கூரைச் சட்டங்களில் அடித்திருந்ததெல்லாம் கம்பி ஆணி. அது இங்கே பரவலானதே 1880களுக்கு அப்புறம்தான். அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865இல்.

அடிமைகள் தப்பிய வழிக்கு வைத்த 'நிலத்தடி ரயில்பாதை' (Underground Railroad) என்ற பெயரே ஆளை ஏமாற்றும். ரயிலும் கிடையாது, பூமிக்கடியிலும் ஓடவில்லை. அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்து, அடுத்த வீட்டுக்கு வழிகாட்டிய மனிதர்களின் தொடர்பு அது. நிஜமான மறைவிடங்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. இண்டியானாவின் ஃபவுண்டன் சிட்டியில் லெவி, கேத்தரின் காஃபின் தம்பதி 1839இல் கட்டிய வீட்டில், மாடி அறைக் கூரைச் சரிவுக்கு அடியில் ஒடுக்கமான இடம் ஒன்று இருக்கிறது. அதன் குட்டைக் கதவை மறைத்துக் கட்டிலைப் போட்டுவிடுவார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது வீட்டுக்குள்ளேயே இருக்கும் கிணறு. நாலு பேர் இருக்கும் வீட்டில் நாற்பது குடம் தண்ணீர் இறைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

தப்பியவரை ஒளித்து வைத்தால் 1,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை என்றது 1850ஆம் வருடச் சட்டம். அதனால் பலர் எதையும் எழுதி வைக்கவில்லை, அந்த வெற்றிடத்தில்தான் சுரங்கக் கதைகள் முளைத்தன. ஒட்டுப் போர்வையில் ரகசியக் குறி தைத்து வழி சொன்னார்கள் என்பதும் அந்த ரகம்தான். நியூயார்க்கில், தானே அடிமையாக இருந்து தப்பி அடிமைமுறைக்கு எதிராகப் போராடிய ஃபிரடெரிக் டக்ளஸின் நினைவிடத்தின் வடிவமைப்பிலேயே இந்தக் கதை நுழைந்து, 2007இல் வரலாற்றாளர்கள் எதிர்க்க வேண்டியதாயிற்று.

சரி, கதைதானே, என்ன நஷ்டம் என்கிறீர்களா? பலகை பெரும்பாலும் வீட்டுக்காரரைத்தான் பாடும். வந்தவர் பெயர் இருக்காது. அடைக்கலம் கொடுத்ததில் பெரும் பங்கு சுதந்திரக் கறுப்பர்களுடையது, ஆனால் அவர்கள் குடியிருந்த சின்ன வீடுகள் பல இன்று இல்லை. ஃபிலடெல்ஃபியாவில் அப்படியொரு சுதந்திரக் கறுப்பரான வில்லியம் ஸ்டில் தன்னிடம் வந்தவர்களின் பெயர், ஊர், சொந்தபந்தம் எல்லாவற்றையும் துணிந்து எழுதி வைத்தார், 1872இல் புத்தகமாகவும் போட்டார். 1850இல் குடும்பத்தைத் தேடி அவர் முன்னால் வந்து உட்கார்ந்த ஒருவர், பேசப் பேச, ஸ்டில் பார்த்தேயிராத சொந்த அண்ணன் பீட்டர் என்று தெரிந்தது. ஸ்டில் குடும்பம் இருந்த வீட்டை அடையாளம் காட்டியது வில்லியமின் மனைவி லெட்டிஷியா தன் தையல் தொழிலுக்குக் கொடுத்த பழைய பத்திரிகை விளம்பரம். 2018இல் நகரம் அந்த வீட்டைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது.

அதனால் போர்டுக்கு முன்னால் காகிதம் தேடுங்கள். கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பத்திரம், வரிப் புத்தகம், பக்கத்துக் கறுப்பர் தேவாலயத்தின் பதிவேடு, 1850, 1860 குடிக்கணக்கு. தெற்கு மாநிலங்களின் கணக்கில் அடிமைகளுக்கு வயது, பால், நிறம் உண்டு, பெயர் பெரும்பாலும் கிடையாது. எங்கேயாவது ஒரு பெயர் கிடைத்தால் பலகையின் முதல் வரியில் அதைப் போடுங்கள். தேசியப் பூங்காத் துறை 1998இலிருந்து இத்தகைய இடங்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதற்கும் ஆதாரம் காட்டித்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

தம்பிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் விடாமல் பத்திரங்களைப் புரட்டினார். அவர் வீட்டுக்கு இரண்டு மனை தள்ளி 1850களில் ஒரு கறுப்பர் முடிதிருத்தகம் வைத்திருந்திருக்கிறார், இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். "அப்ப போர்டை அங்க வைக்கலாமாக்கா?" என்கிறார். அந்த மனிதர் யாரையாவது தங்க வைத்தாரா என்று முதலில் பார்ப்போம் என்றேன். தேடிக்கொண்டிருக்கிறோம்.