நேவிக்காரர் வீட்டில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய காகிதம்

எங்கள் தெருவில் வந்து வழி கேட்டால், 'ரங்கூன்காரர் வீட்டுக்கு நேர் எதிரே நேவிக்காரர் வீடு' என்று எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். பதினைந்து வருடம் இந்தியக் கடற்படையில் மாலுமியாக இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவன் நான். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கத்தில் நேவி பென்சன் வாங்குகிற குடும்பத்தில் காகிதச் சிக்கல் வந்தால் என்னைத் தேடி வருவார்கள். பெரும்பாலும் வருவது பெண்கள். அதுவும் கணவர் இறந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு. அவர் உயிரோடு இருந்தபோதே வந்திருந்தால் ஒரு விண்ணப்பத்தோடு முடிந்திருக்கும் வேலை அது. அதனால்தான் குடும்ப ஓய்வூதியத்தைப் பற்றி விவரமாக எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு ஆச்சி மஞ்சள் பையோடு வந்து பட்டாலையில் உட்கார்ந்தார். கணவர் 1971 போருக்கு முன்பே கடற்படையில் சேர்ந்தவர். பைக்குள்ளே பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, மடித்த இடமெல்லாம் கிழிந்து, செல்லோடேப் பழுத்துப்போய் இருந்தது. அதில் மனைவி பெயர் மீனாள். ஆதாரில் மீனாட்சி. வங்கிப் புத்தகத்தில் மீனாட்சி ஆச்சி. பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலி. நம் ஊரில் வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பெயர் ஒன்று என்பது சாதாரணம். கம்ப்யூட்டருக்கு அது மூன்று வேறு பெண்கள். அந்த ஆச்சிக்குப் பணம் வந்து சேர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் மகள் வீட்டுக் கையை எதிர்பார்த்து இருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வூதியம் வாங்கும் மாலுமி இறந்தால், மறுநாளிலிருந்தே மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. சாதாரணமாக இது அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் என்றால் இங்கே அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவ சேவைப் படியும் சேர்ந்த கணக்கு. எவ்வளவு குறைந்தாலும் மாதம் 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது. அதன் மேல் அகவிலைப்படி தனி. பென்சனில் ஒரு பங்கை அவர் முன்கூட்டியே மொத்தமாக வாங்கியிருந்தால், அந்தக் கம்யூட்டேஷன் தொகைக்காக மாதாமாதம் பிடித்தம் இருந்திருக்கும். அந்தப் பிடித்தம் மனைவியின் தொகையில் கை வைக்காது. மிச்சம் கட்டச் சொல்லியும் யாரும் கேட்கக் கூடாது.

ஆனால் முதல் சில வருடங்களுக்கு 30 சதவீதம் இல்லை, 50 சதவீதம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகு இறந்தவர் என்றால், இறந்த நாளிலிருந்து 7 வருடம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது ஆகியிருக்கும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை கூடுதல் விகிதம். 58 வயதில் இறந்தால் 7 வருடம் முழுதாகக் கிடைக்கும். 64 வயதில் இறந்தால் 3 வருடம்தான். 67-ஐத் தாண்டியவர் என்றால் முதல் மாதமே 30 சதவீதம். உதாரணமாகக் கடைசிச் சம்பளம் 52,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 26,000, பிறகு 15,600, இரண்டிலும் அகவிலைப்படி சேர்த்து. இந்த மாற்றம் வரும் மாதம் 'யாரோ பணத்தை எடுத்துவிட்டார்கள்' என்று பதறி ஓடி வந்தவர்கள் உண்டு. தேதியை முன்கூட்டியே காலண்டரில் குறித்து வையுங்கள்.

பணியில் இருக்கும்போதே இறந்தால் கூடுதல் விகிதம் 10 வருடம். அந்த இறப்புக்குப் பணியே காரணம் என்று முடிவானால் 60 சதவீதம், போரில் இறந்தால் கடைசிச் சம்பளம் முழுவதும். எந்த வருடம் ஓய்வு பெற்றிருந்தாலும், ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணி செய்தவர்களுக்கு ஒரே பென்சன் என்கிற 'ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்' திட்டம் 2014 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 2019-லும் 2024-லும் திருத்தினார்கள். அந்த உயர்வு குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது அந்தக் காலியாக இருந்த பிறந்த தேதிக்கு வருவோம். 80 வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் தொகை இரட்டிப்பு. இதுவும் குடும்ப ஓய்வூதியத்துக்குச் சேர்த்துத்தான். ஆனால் பதிவில் மனைவியின் பிறந்த தேதி இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு அவர் வயது எப்படித் தெரியும்? நம் பக்கத்து வயதான பெண்களில் பலருக்குப் பிறப்புச் சான்று கிடையாது. ஆதார் எடுக்கும்போது குத்துமதிப்பாகச் சொன்ன வருடம்தான் இருக்கும். 71 போர்க்கால மாலுமிகளே எழுபதைத் தாண்டிவிட்டார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் எண்பது வயது வெகுதூரத்தில் இல்லை. ஆகவே இது தள்ளிப்போடுகிற வேலை இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். இன்று மாலையே டிரங்குப் பெட்டியைத் திறந்து பி.பி.ஓ.வையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுங்கள். மனைவியின் ஆதாரைப் பக்கத்தில் வைத்துப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியலை விரித்து எழுதியதில்தான் அதிகத் தவறு இருக்கும். அப்பா பெயரும் கணவர் பெயரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி முன் பிரமாண வாக்குமூலம் எழுதி, திருமணச் சான்று, இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படம், ஆதார் நகல் ஆகியவற்றோடு கணவரே திருத்தம் கேட்க வேண்டும். மாலுமிகளின் பென்சன் பதிவைப் பார்ப்பது மும்பை மான்கூர்டில் உள்ள கடற்படை ஓய்வூதிய அலுவலகம். கல்யாணம் ஓய்வுக்குப் பிறகு நடந்திருந்தாலும் மனைவிக்கு உரிமை உண்டு. ஆனால் அதைப் பதிய வைத்திருக்க வேண்டும்.

பென்சன் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய முறையில், பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம் வழியாக வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்ச்சான்றை எடுத்துவிடலாம், ரேகை தேய்ந்துபோன கைக்கு இது பெரிய உதவி. அதில் பென்சன் வழங்கும் அமைப்பு எது என்று கேட்கும் இடத்தில் ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுங்கள். பழைய பழக்கத்தில் வங்கியின் பெயரைப் போட்டால் சான்று போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பென்சன் வரும் கணக்கில் மனைவி பெயரும் சேர்ந்திருக்கட்டும்.

இறப்பு நேர்ந்துவிட்டால், இறப்புச் சான்று கிடைத்ததும் ஸ்பர்ஷ் தளத்தில் தெரிவியுங்கள். தெரியாதவர்கள் பொதுச் சேவை மையத்துக்கோ, ஸ்பர்ஷ் சேவை தரும் வங்கிக் கிளைக்கோ போகலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இறந்த பிறகு அவர் பெயரில் ஏறும் பென்சனை ஏ.டி.எம்.மில் எடுக்காதீர்கள். துக்கத்துச் செலவுக்கு என்று எடுத்துவிடுவார்கள், பிறகு அது பிடித்தமாக வந்து நிற்கும்.

மனைவி வேலைக்குப் போகிறவரா, சொந்த வருமானம் உள்ளவரா என்பது பொருட்டில்லை, தொகை குறையாது. நேவிக்குப் பிறகு வங்கியிலோ மத்திய அரசிலோ சேர்ந்து இரண்டாவது பென்சனும் வாங்கியவர் என்றால், 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டு குடும்ப ஓய்வூதியமும் பெறலாம். மனைவி இல்லாத நிலையில் 25 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத, சம்பாதிக்காத பிள்ளைக்கு வரும். சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் உண்டு. அப்படிப் பிள்ளை உள்ள பெற்றோர் அதை இப்போதே பதிய வையுங்கள். தாங்கள் போன பிறகு அந்தப் பிள்ளை எந்த அலுவலகத்தில் போய் நிற்கும்?

பதினைந்து வருடம் முடிக்காமல் வெளியே வந்தவர்களுக்கு இந்தப் பென்சன் பெரும்பாலும் இருக்காது. 65 வயதைத் தாண்டி வருமானமில்லாமல் இருக்கும் அப்படிப்பட்டவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் முன்னாள் படைவீரர் நலனைக் கவனிக்கும் மத்திய சைனிக் வாரியத்தின் வறுமை உதவித்தொகை உண்டு. 2025 நவம்பர் முதல் மாதம் 4,000 ரூபாய் என்பது 8,000 ஆகியிருக்கிறது. விண்ணப்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் போக வேண்டும். விதவைகளுக்கான அடையாள அட்டையும் அங்கேதான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தவர்களுக்குச் சிவகங்கை. கோனாபட்டு, கடியாபட்டி, ராயவரம் எல்லாம் நாம் செட்டிநாடு என்றுதான் சொல்கிறோம், ஆனால் கணக்கில் அவை புதுக்கோட்டை மாவட்டம். அந்த ஊர்க்காரர்கள் சிவகங்கைக்குப் பஸ் ஏறி அலையாமல் நேரே புதுக்கோட்டை அலுவலகத்துக்குப் போங்கள். பி.பி.ஓ., டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கும் அசலோடு இரண்டு நகல் கையில் இருக்கட்டும்.