கோப்பை வாங்கிய பூவும் ஆடி மழையும்

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சி முடிந்ததும் என் நர்சரிக்கு வருகிறவர்கள் கைப்பேசியை நீட்டுவார்கள். "பரிசு வாங்கிய ஐரிஸ் இதுதான். இதே நிறம் வேண்டும்." ஐரிஸ் கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி. ஆனால் அந்தச் செடியைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம்.

போன ஆண்டு கோத்தகிரிப் பக்கத்து அம்மா ஒருவர் அப்படியொரு படத்தைக் காட்டி வேறோர் இடத்தில் நான்கு கிழங்கு வாங்கி நட்டிருந்தார். ஆவணியில் அவற்றைப் பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். கட்டைவிரலால் அழுத்தினேன். வெந்த சேப்பங்கிழங்கு போல விரல் உள்ளே இறங்கியது. நாற்றம் குடலைப் புரட்டியது. "மண்ணை நன்றாக மூடி, தினமும் தண்ணீர் விட்டேனே தம்பி" என்றார்.

அவர் வாங்கியது இதழில் தாடி போன்ற மயிர்க்கொத்து உள்ள வகை. அதன் கிழங்கு முதுகில் வெயில் பட வேண்டும், காலடியில் நீர் தேங்கக் கூடாது. நம் மண்ணோ புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை வேறு. கண்காட்சி மேசையில் நடுவர் பார்ப்பது அன்றைய பூத்தண்டின் அழகை மட்டுமே. கிழங்கு மழையைத் தாங்குமா என்று கோப்பை சொல்லாது.

எல்லா விருதும் அப்படியல்ல. அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் உச்ச விருதான டைக்ஸ் பதக்கத்துக்கு நடுவர்கள் தோட்டத்தில் வளரும் செடியையே ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள். 1986இல் விற்பனைக்கு வந்த 'டஸ்கி சேலஞ்சர்' என்ற ஐரிஸ் 1992இல்தான் அதைப் பெற்றது. அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் அது அந்த நாட்டுத் தோட்டங்களில் தேறிய செடி. நம் ஆடிச் சாரலில் தேறியதா என்பது தனிக் கேள்வி.

ஆகவே விற்பவரிடம் பதக்கத்தை விசாரிக்கும் முன், "இந்தத் தாய்ச்செடி இங்கே எத்தனை மழைக்காலம் கண்டது?" என்று கேளுங்கள். முடிந்தால் பூ இல்லாத காலத்தில் போய் இலையையும் கிழங்கையும் பாருங்கள். ஈரம் காயாத தோட்டமென்றால் லூசியானா, ஜப்பானிய ஐரிஸ் வகைகளைத் தயங்காமல் வாங்கலாம். ஈரமும் புளிப்பு மண்ணும் அவற்றுக்குப் பிடிக்கும். தாடி இல்லை என்பதற்காகவே பலர் அவற்றைத் தாண்டிப் போவது எனக்கு ஆதங்கம்.

அந்த அம்மாவின் நான்கில் ஒன்றின் நுனி கெட்டியாக இருந்தது. அழுகலை வழித்தெடுத்து, வெட்டுவாய் காயும்வரை வெயிலில் வைத்து, மேட்டுப் பாத்தியில் முதுகு தெரிய நடச் சொன்னேன். இன்னும் பூக்கவில்லை. ஏழு இலை விட்டிருக்கிறது. அதைத்தான் போன வாரம் படமெடுத்து அனுப்பியிருந்தார்.