ஏழாம் வேற்றுமையா, நான்காம் வேற்றுமையா?

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். லண்டன் ஹாரோவில் வசிப்பவர். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார். பிரிட்டனில் நீண்ட காலம் தங்குவதற்கான அனுமதியும் உண்டு. மகன் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் படிக்கிறான். அவனுடைய பட்டமளிப்பு விழாவுக்கு டிக்கெட் எடுத்து, புடவையும் வாங்கி, விமான நிலையம் வரை போய்த் திரும்பியிருந்தார். கவுண்டரில் அயர்லாந்து விசா எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

“அதுவும் பிரிட்டனைச் சேர்ந்ததுதானே, தம்பி?” என்றார்.

குடிவரவு வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞன் என்ற முறையில் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. சட்டம் சுருக்கமானது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே 1920கள் முதல் இருந்துவரும் பொதுப் பயணப் பகுதி, பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்கள் விசா இல்லாமல் போய்வருவதற்கான ஏற்பாடு. குறுகிய கால வருகை விசாக்களில் சிலவற்றை மட்டும் இரு நாடுகளும் பரஸ்பரம் ஏற்றுக்கொள்கின்றன. பிரிட்டனில் வேலைக்காகவோ குடும்பத்தோடோ நீண்ட காலம் தங்கும் இந்தியர், டப்ளினுக்குப் போக அயர்லாந்து விசா வாங்க வேண்டும். பிரிட்டனோடு சேர்ந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலிருந்து பஸ்ஸில் போனால் எல்லையில் சாவடி எதுவும் கண்ணில் படாது. அதனால் விசா தேவையில்லை என்று ஆகிவிடாது. அந்த பஸ்களிலும் ஐரிஷ் போலீஸார் ஏறிச் சோதிப்பதுண்டு.

ஆனால் அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று முடிவு செய்ய அந்த இரண்டு அரசுகளுக்குமே முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

1921 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, அடுத்த ஆண்டு ஐரிஷ் சுதந்திர அரசு பிறந்தது. கனடா, ஆஸ்திரேலியா போல அதுவும் ஒரு டொமினியன், அதாவது பிரிட்டிஷ் மன்னரைத் தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடு. மன்னர் ஒருவரே என்பதால் டொமினியன்களுக்கு இடையே தூதர் என்ற பேச்சுக்கே இடமில்லை, அனுப்பப்படுபவர் ஹைகமிஷனர்தான். சென்னைப் பத்திரிகைகள் அப்படியே எழுதுவதையும் கொழும்புப் பத்திரிகைகள் உயர்ஸ்தானிகர் என்று எழுதுவதையும் பார்த்திருப்பீர்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே இன்றும் அந்தப் பதவிதான் இருக்கிறது. 1923இல் ஜேம்ஸ் மக்நீல் டப்ளினின் முதல் ஹைகமிஷனராக லண்டனில் பொறுப்பேற்றார்.

பதிலுக்கு லண்டன் யாரை அனுப்பியது? பதினாறு ஆண்டுகள் யாரையும் அனுப்பவில்லை. மன்னரின் பிரதிநிதியாக டப்ளினில் கவர்னர் ஜெனரல் இருந்தார். 1936 டிசம்பரில் அயர்லாந்து அரசின் தலைவர் டி வலேரா அந்தப் பதவியையே ஒழித்துக் கட்டினார். அதன்பின் அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல லண்டனுக்கு அங்கே ஆள் இல்லை.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. அயர்லாந்து நடுநிலை என்று அறிவித்துவிட்டது. டப்ளினில் ஜெர்மனியின் தூதர் உட்கார்ந்திருக்கிறார். பிரிட்டனுக்கு ஒருவரும் இல்லை. அவசர அவசரமாக சர் ஜான் மாஃபி அனுப்பப்பட்டார். இந்தியாவின் வடமேற்கு எல்லை மாகாணத்தில் தலைமை ஆணையராகவும், பிறகு சூடானில் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தவர். ஆள் கிடைத்துவிட்டார், பதவிக்குத்தான் பெயர் கிடைக்கவில்லை. ஹைகமிஷனர் என்றால் அயர்லாந்து இன்னும் டொமினியன்தான் என்று ஆகிவிடும். டி வலேரா அதற்குச் சம்மதிக்க மாட்டார். தூதர் என்றால் அயர்லாந்து அந்நிய நாடு என்று ஒப்புக்கொண்டதாகும். லண்டன் அதற்குச் சம்மதிக்காது. கடைசியில் இரண்டுமில்லாமல் ‘பிரதிநிதி’ என்று வைத்தார்கள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. லண்டன் எழுதியது ‘ஏரேயில் பிரதிநிதி’. ஏரே என்பது ஐரிஷ் மொழியில் அந்நாட்டின் பெயர். டி வலேரா ‘ஏரேக்கான பிரதிநிதி’ என்றுதான் இருக்க வேண்டும் என்றார். ‘இல்’ என்றால் தன் ஆட்சிப் பரப்பின் ஒரு மூலையில் அமர்த்தப்பட்ட அலுவலர் என்று படும். ‘கு’ என்றால் ஓர் அரசு இன்னோர் அரசுக்கு அனுப்பிய ஆள். ஏழாம் வேற்றுமையைத் தள்ளி நான்காம் வேற்றுமையை நிறுத்திவிட்டார் மனிதர். இலக்கண வகுப்பில் தூங்கியவர்கள் கவனிக்க!

இதைவிட விசித்திரம் பெர்லினில் நடந்தது. உள்நாட்டு ஆட்சியிலிருந்து மன்னரை நீக்கிவிட்டாலும், வெளிநாடுகளுக்குத் தூதரை நியமிக்கும் நற்சான்றுப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட வேண்டும் என்று அயர்லாந்தின் 1936ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பெர்லினுக்குப் புதிய தூதராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தாமஸ் கீர்னன் போகவே முடியவில்லை. ஹிட்லருக்கு எழுதும் பத்திரத்தில், அவரோடு போரிட்டுக்கொண்டிருக்கும் ஆறாம் ஜார்ஜ் எப்படிக் கையெழுத்திடுவார்? போர்க்காலத்தில் வில்லியம் வார்னக் என்ற இளம் அதிகாரி வெறும் பொறுப்பாளராக அங்கே காலம் தள்ளினார். பொறுப்பாளருக்கு மன்னரின் கையெழுத்து வேண்டியதில்லை.

1949 ஏப்ரல் 18, ஈஸ்டர் திங்கள் அன்று அயர்லாந்து குடியரசாகி காமன்வெல்த்திலிருந்து வெளியேறியது. அதே ஆண்டு பிரிட்டன் நிறைவேற்றிய அயர்லாந்துச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, அயர்லாந்து ‘அந்நிய நாடு அல்ல’ என்றது. அயர்லாந்துக் குடிமக்கள் இங்கே விசா இல்லாமல் வாழ்வதன் வேர்களில் ஒன்று இந்தப் பிரிவு. 1950இல் இரு பக்கமும் பதவிகள் ஒருவழியாகத் தூதர் என்று மாறின. லண்டனில் இருபது ஆண்டுகளாக ஹைகமிஷனராக இருந்த ஜான் டுலாண்டி முதல் ஐரிஷ் தூதரானார். டப்ளினில் அந்தப் பெயரைப் பெற்றவர் கில்பர்ட் லெய்த்வெய்ட். டெல்லியில் வைஸ்ராய் லின்லித்கோவின் தனிச் செயலாளராக இருந்தவர். அந்நிய நாடல்லாத நாட்டுக்கு ஒரு தூதர்!

பதவித் தகராறு தீர்ந்த இடத்தில் நாட்டின் பெயர்த் தகராறு வந்து உட்கார்ந்தது. அரசியலமைப்பின்படி நாட்டின் பெயர் அயர்லாந்து. ‘அயர்லாந்துக் குடியரசு’ என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த வருணனை மட்டுமே. லண்டன் விடாப்பிடியாகக் குடியரசு என்றது. வெறுமனே அயர்லாந்து என்றால் வட அயர்லாந்தும் அதற்குள் அடங்கிவிடுமே என்ற அச்சம். குடியரசு என்று முகவரியிட்ட நற்சான்றுப் பத்திரத்தை டப்ளின் வாங்காது. அதனால் நாட்டின் பெயரைத் தவிர்த்து, அப்போதைய அதிபரின் சொந்தப் பெயருக்குப் பத்திரத்தை எழுதித் தப்பித்தார்கள்.

இவையெல்லாம் காகிதச் சண்டை. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து டப்ளின் மெரியன் சதுக்கத்தில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தை மக்கள் கூட்டம் எரித்தது. 1976 ஜூலை 21 அன்று தூதர் கிறிஸ்டோபர் யூவர்ட்-பிக்ஸ், பொறுப்பேற்ற இரண்டே வாரத்தில், காருக்கு அடியில் வெடித்த கண்ணிவெடியில் கொல்லப்பட்டார். உடனிருந்த அரசு ஊழியர் ஜூடித் குக்கும் இறந்தார்.

வட அயர்லாந்தில் அமைதிக்கான 1998ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கைக்குப் பிறகுதான், வடக்கின் மீதான உரிமைக் கோரலை அயர்லாந்து தன் அரசியலமைப்பிலிருந்து விலக்கிக்கொள்ள, லண்டனும் அந்த நாட்டை அதன் பெயரைச் சொல்லியே அழைக்கத் தொடங்கியது. 2011இல் ராணி எலிசபெத் டப்ளின் போனார். 1911க்குப் பிறகு அங்கே கால் வைத்த முதல் பிரிட்டிஷ் அரசர் அவர்தான்.

ஆகவே, விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்று கேட்பவர்களுக்கு: நாடு என்ற இடத்தில் அயர்லாந்து என்று எழுதுங்கள். அவர்களுடைய கடவுச்சீட்டின் அட்டையிலும் குடியரசு என்ற சொல் கிடையாது. பெல்ஃபாஸ்டில் இருப்பவர் பிரிட்டனில் இருக்கிறார், ஆனால் அவர் கையில் ஐரிஷ் கடவுச்சீட்டு இருக்கலாம். முகவரியை வைத்துக் குடியுரிமையை நிரப்பாதீர்கள். லண்டனில் அயர்லாந்துத் தூதரகம் குரோவ்னர் பிளேஸில் இருக்கிறது, பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தின் மதிலுக்கு எதிரே.

அந்த அம்மாவுக்கு விசா வந்தபோது பட்டமளிப்பு முடிந்திருந்தது. புடவையை எடுத்துக்கொண்டுதான் போனார். மகன் மறுபடியும் அங்கியை வாடகைக்கு எடுத்து, கல்லூரி வாசலில் அம்மாவோடு நின்று படம் எடுத்துக்கொண்டானாம்.