நாரைக் குஞ்சுக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு மாலையில், ஒரு குடும்பம் அட்டைப்பெட்டியோடு என் மருத்துவமனைக்கு வந்தது. உள்ளே நத்தைகுத்தி நாரையின் குஞ்சு. வளர்ந்த நாரையின் அலகில் தெரியும் இடைவெளி அதற்கு இன்னும் விழவில்லை. வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கிடந்ததாம். பாவம் பார்த்து, வழிநெடுக பாட்டில் மூடியால் வாயில் தண்ணீர் ஊற்றியபடியே வந்திருக்கிறார்கள். நான் கையில் எடுத்தபோது மூச்சு கொரகொரவென்று இழுத்தது. அன்றிரவே இறந்துவிட்டது. விழுந்ததில் பட்ட காயம் சிறியதுதான். நுரையீரலுக்குள் போன தண்ணீர்தான் அதன் உயிரை எடுத்தது.

பறவைகளுக்கு மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. அலகைப் பிளந்து ஊற்றினால் தண்ணீர் நேராக அதற்குள் இறங்கிவிடும். கொத்துகிறதே என்று அலகை ரப்பர் வளையத்தால் கட்டுவதும் ஆபத்து. வளர்ந்த நீர்க்காகம், பாம்புத்தாரா இரண்டுக்கும் வெளி மூக்குத்துளை கிடையாது; அவை வாயால்தான் மூச்சு விடுகின்றன. கட்டினால் திணறிச் சாகும்.

குஞ்சு கீழே கிடந்தால் தள்ளி நின்று வனத்துறைப் பணியாளரை அழையுங்கள். அவர் எடுக்கச் சொன்னால் மட்டும், துணியால் மூடி, காற்றுத்துளையிட்ட பெட்டிக்குள் இருட்டில் வையுங்கள். தீனி வேண்டாம். வீட்டுக்கு எடுத்துச் செல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குஞ்சுகள் காற்றிலும் விழும், கூட்டுச் சண்டையிலும் விழும். ஆனால் நம்மால் விழுவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. படத்துக்காகச் சிலர் கைதட்டிப் பறவைகளைக் கிளப்புகிறார்கள். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூடுகள் நெருக்கமாக இருக்கும். ஒன்று எழுந்தால் பக்கத்துக் கூடுகளும் காலியாகும். காகம் முட்டைக்கு வர அந்த இடைவெளியே போதும். இறகு முளைக்காத குஞ்சுக்கு வெயிலைத் தாங்கத் தெரியாது. மஞ்சள்மூக்கு நாரை நண்பகலில் இறக்கையை விரித்துக் குடைபோல நிற்பதைப் பாருங்கள். அது குஞ்சுக்குக் கொடுக்கும் நிழல்.

வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர் ஏரிதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள்; 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாதுகாப்பு கிடைத்தது. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலிலும் இந்த ஏரி இடம்பெற்றது.

நவம்பர் முதல் மார்ச் வரை போகலாம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் இல்லாத ஆண்டில் கூடுகள் குறைவு. பளிச்சென்ற சட்டை வேண்டாம். குழந்தைகளுக்குப் பைனாகுலரைக் கொடுத்து, ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் இரை தேடப் போனவை கூட்டங்கூட்டமாகத் திரும்பும். தாய் வந்து இறங்கியதும் குஞ்சுகள் போடும் கூச்சல் கரைவரை கேட்கும்.