சோழியில் எண்ணிய கிரகணம்

2023-இல் எங்கள் வீட்டுக்குச் சனிப்பெயர்ச்சி இரண்டு முறை வந்தது. வானத்தோடு ஒட்டத் திருத்திய திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்க்கும் அத்தைக்கு ஜனவரி 17. பழைய கணக்கான வாக்கியப் பஞ்சாங்கம் தவிர வேறெதையும் தொடாத பெரியப்பாவுக்கு டிசம்பர் 20. திருநள்ளாறு கோயிலிலும் அன்றுதான் விழா. புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறக் கிளம்பியவரிடம், “வானத்துல சனி ஒண்ணுதானே பெரியப்பா இருக்கு?” என்று கேட்டேன். “ரிஷிங்க வாக்கு. மாத்த நாம யாரு?” என்றார். இன்ஜினியரிங் படிக்கும் அத்தை மகன், “பஞ்சாங்கமே டூப்பு” என்று முடித்துவிட்டான். இருவருமே கணக்கைத் திறந்து பார்க்கவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

வாக்கியப் பஞ்சாங்கத்தைத் திறந்தால் அழகான கணக்கு. நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமியை நெருங்கினால் விரைவு, விலகினால் மந்தம். இந்த வேகச் சுற்று சுமார் 27.55 நாள். பின்னம் இருப்பதால் நாள்வாரி அட்டவணை போட முடியாது. ஒன்பது சுற்றைக் கூட்டினால் ஏறத்தாழ 248 நாள் வந்துவிடும். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். முதல் வாக்கியம் ‘கீர்ந ச்ரேய’. எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறையில் அது 12 பாகை 3 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை). மிகத் தொலைவிலிருந்து மந்தமாகக் கிளம்பிய நிலா முதல் நாளில் நகரும் அளவு அது. 248 நாளுக்கு ஒருமுறை ஏற்படும் சுமார் 13 நிமிடப் பிசகைச் சரிக்கட்ட, 110 சுற்று கொண்ட 3031 நாள் கணக்கும் உண்டு.

இந்த ஊரிலேயே இதைக் கண்டு வியந்தவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில். வெள்ளி சூரியனைக் கடப்பதை அளக்க வந்தவர். 1761-இல் கடலில் மாட்டிக்கொண்டார். எட்டாண்டு காத்திருந்து, 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் மேகத்திடம் தோற்றார். ஆனால் இங்கே ஒரு தமிழரிடம், சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது; ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. தம் தரப்புக்குப் பாதகமான இந்த எண்ணை அவர் மறைக்கவில்லை. டூப்பு என்பவர்கள் முதலில் இந்த 41-க்குப் பதில் சொல்லட்டும்.

அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாமும் பாதியைத்தான் சொல்கிறோம். 1825-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜான் வாரனுக்கு ஒரு புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர், மே 31-ஜூன் 1 சந்திர கிரகணத்தைச் சோழி வைத்தே கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம்தான். நடுவில் 23, முடிவில் 52.

வாக்கியக் கணக்கு அதிகம் தடுமாறும் இடம் கிரகணம்கூட அல்ல, பாதி நிலா தெரியும் அஷ்டமி. வேகம் மாறுவதால் நிலா தன் சராசரி இடத்திலிருந்து முன்பின் விலகும். சூரியனின் இழுப்பு சேரும்போது, அமாவாசை, பௌர்ணமியில் அந்த விலகல் அதிகபட்சம் 5 பாகை; பாதி நிலாவில் ஏழரை. பழைய கணிதர்கள் கணக்கை உரசிப் பார்த்தது கிரகணங்களில். கிரகணமோ அமாவாசை, பௌர்ணமியில் மட்டுமே வரும். அவர்கள் எடுத்துக்கொண்ட 5 பாகை அங்கே பொருந்தியது. அஷ்டமியில் மீதி இரண்டரைப் பாகை விடுபட, திதி ஐந்து மணி நேரம் வரை தள்ளிப்போகலாம். சனியோ ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு எடுக்கும் கிரகம். ஒரு பாகை தவறினால் பெயர்ச்சி ஒரு மாதம் நகர்ந்துவிடும்.

திருநள்ளாற்றில் பெரியப்பா கும்பிடுவதை எந்தத் தொலைநோக்கியாலும் அளக்க முடியாது, அளக்கவும் வேண்டாம். சனி எங்கே நிற்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு வானம் பதில் சொல்லும். அவரிடம் நான் கலிலியோவைக் கொண்டுபோகவில்லை. கேரளத்து வானியலாளர் பரமேசுவரரைச் சொன்னேன். பல பத்தாண்டுகள் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒட்டவில்லை என்று கண்டு, 1431-இல் ‘திருக்கணிதம்’ என்ற நூலில் அதைத் திருத்தியவர். பக்தர்தான். வாக்கை மாற்ற நாம் யார் என்று அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அஷ்டமியில எப்படிப் பார்க்கறது?” என்றார்.

அஷ்டமித் திதியின் நடுவில் நிலா சரிபாதியாக இருக்கும். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான கோடு நேராகும். அடுத்த வளர்பிறை அஷ்டமிக்கு அந்த நேரத்தை இரண்டு பஞ்சாங்கத்திலிருந்தும் கணக்கிட்டு, முத்தியால்பேட்டை வீட்டு மாடிச் சுவரில் சாக்பீஸால் இப்போதே எழுதி வைத்திருக்கிறோம். பெரியப்பா தம் நேரத்தின் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.